ஆர்எக்ஸ்-7 வாங்கலாமா? ஓடிய தூரத்தை விடுங்கள், ஆறு எண்களைக் கேளுங்கள்

லண்டன் ஹாரோவிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்:

"வணக்கம் அண்ணா. வயது 39, ஐடி வேலை. பள்ளி நாட்களில் ப்ளேஸ்டேஷனில் ஓட்டிய நாளிலிருந்து மஸ்டா ஆர்எக்ஸ்-7 மீது தீராத ஆசை. இப்போது பக்கத்து ஊரில் 1994 மாடல் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ஜப்பானிலிருந்து வந்த வண்டி, 82,000 கிலோமீட்டர்தான் ஓடியது, சைலன்ஸர் குழாய் முழுவதையும் மாற்றியிருக்கிறோம், மற்றதெல்லாம் கம்பெனியில் வந்தபடியே இருக்கிறது என்கிறார்கள். என் நண்பனோ, ரோட்டரி இன்ஜின் பக்கமே போகாதே, 60,000 மைலில் போய்விடும் என்கிறான். வாங்கலாமா? வேலைக்கு ஓட்டிப் போக முடியுமா? இல்லை, விலை குறைந்த ஆர்எக்ஸ்-8 போதுமா?"

வாங்கலாம். ஆனால் காரின் விலை போக, இன்ஜினை முழுவதும் பிரித்துப் புதிதாகக் கட்டும் ரீபில்டுக்கு ஆகும் பணம் உங்களிடம் தனியாக இருக்க வேண்டும். அந்தப் பணத்தையும் சேர்த்துப் போட்டால்தான் காரே கைக்கு வரும் என்றால், இன்னும் இரண்டு வருடம் பொறுத்திருங்கள். யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்க முடியாது.

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி உண்மை. அந்த இன்ஜின் போகும் என்பது சரி. 60,000 மைலில் போகும் என்று எண் வைத்துச் சொல்வது தவறு. 30,000 மைலில் செத்ததையும் பார்த்திருக்கிறேன், 90,000 தாண்டி முதல் இன்ஜினோடு நலமாக ஓடுவதையும் பார்த்திருக்கிறேன். இந்தக் காரின் ஆயுளை மைல் தீர்மானிப்பதில்லை. எது தீர்மானிக்கிறது என்று புரிய, அந்த இன்ஜினுக்குள் கொஞ்சம் போய்வர வேண்டும். இந்தக் கார் ஏன் உங்களை இருபத்தைந்து வருடமாக விடாமல் பிடித்து வைத்திருக்கிறது என்பதற்கான பதிலும் அங்கேதான் இருக்கிறது.

சாதாரண இன்ஜினில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும். ரோட்டரியில் பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை, கேம்ஷாஃப்ட் இல்லை. பக்கங்கள் கொஞ்சம் புடைத்த முக்கோணம் போன்ற ஒரு ரோட்டர், நடுவில் இடுப்பு சிறுத்த ஒரு முட்டை வடிவக் கூட்டுக்குள் சுற்றுகிறது. முக்கோணத்தின் மூன்று முகங்களும் மூன்று தனி அறைகள். ஒரு முகம் காற்றையும் பெட்ரோலையும் இழுக்கும் நேரத்தில், இன்னொன்று அழுத்தும், மற்றொன்று வெடிக்கும். உங்கள் காரில் இப்படி இரண்டு ரோட்டர்கள், ஒவ்வொன்றும் 654 சிசி. மொத்தம் 1308 சிசிதான். அதோடு, இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் இரண்டு டர்போக்கள் சேர்ந்து 1991இல் 255 குதிரைத்திறன் கொடுத்தன. 1999 மாடலில் அது 280 ஆனது. அந்தக் காலத்தில் ஜப்பானியக் கம்பெனிகள் தங்களுக்குள் பேசி வைத்துக்கொண்ட உச்ச வரம்பும் 280தான்.

திறனைவிட முக்கியமானது இன்ஜினின் அளவு. போனெட்டைத் திறந்து டர்போ, குழாய்களையெல்லாம் கழற்றிவிட்டால் மிஞ்சும் இன்ஜின் அவ்வளவு சின்னது. சின்னது என்பதால் அதை முன்சக்கர அச்சுக்குப் பின்னால் தள்ளி, தரைக்குப் பக்கத்தில் தாழ்த்தி வைக்க முடிந்தது. தாழ்வாக வைத்ததால் போனெட்டும் தாழ்ந்தது. கார் முழுவதும் 1,230 மில்லிமீட்டர் உயரம்தான், ஒரு சராசரி ஆளின் இடுப்பைவிடக் கொஞ்சம் மேலே. எடை முன்னும் பின்னும் ஏறத்தாழப் பாதிப்பாதி. மஸ்டா ஆட்கள் அதோடு நிற்கவில்லை. போனெட்டையும் சஸ்பென்ஷன் கைகளையும் அலுமினியத்தில் செய்தார்கள், பிரேக் மிதியில்கூட எடை குறைத்தார்கள். மாடலைப் பொறுத்து 1,250 முதல் 1,300 கிலோ சொச்சம். அதே காலத்து டொயோட்டா டர்போ சுப்ராவோடு ஒப்பிட்டால் இருநூறு கிலோவுக்கும் மேல் குறைவு.

வடிவத்துக்கும் அதுவே காரணம். கலிஃபோர்னியாவில் உள்ள மஸ்டாவின் டிசைன் ஸ்டுடியோவில் பிறந்த வரைவைத்தான் ஹிரோஷிமாவில் உள்ள தலைமையகம் தேர்ந்தெடுத்தது. எங்கே கையை வைத்துத் தடவினாலும் ஒரு நேர்கோடு அகப்படாது. ஆனாலும் உயரமான இன்ஜின் ஒன்றை அந்த மூக்குக்குள் திணிக்க வேண்டியிருந்தால் எந்த டிசைனராலும் அந்தக் கோட்டை வரைந்திருக்க முடியாது. நீங்கள் சிறுவனாகத் திரையில் பார்த்து மயங்கிய அழகு, உண்மையில் அந்தச் சின்ன இன்ஜினின் அழகு. அதனால்தான், ரோட்டரியைத் தூக்கிவிட்டு வேறு இன்ஜின் போட்ட ஆர்எக்ஸ்-7ஐ யார் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் பரிந்துரைப்பதில்லை. ஓடும், நன்றாகவே ஓடும். ஆனால் நீங்கள் ஆசைப்பட்ட பொருள் அது இல்லை.

2002 ஆகஸ்டில் உற்பத்தி நின்றது. அதே மாதத்தில்தான் ஜப்பானில் சுப்ராவும், நிசானின் ஆர்34 ஜிடி-ஆரும், எஸ்15 சில்வியாவும் விடைபெற்றன. புதிய புகைக் கட்டுப்பாட்டு விதிகளுக்கு ஏற்ப இவற்றை மாற்றியமைக்கும் அளவுக்கு விற்பனை இல்லை. எஃப்டி என்று நாம் சுருக்கிச் சொல்லும் இந்த மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7 மொத்தமே 68,589தான் தயாரானது.

சரி, இப்போது மறுபக்கம். முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் ஒவ்வொரு மெல்லிய பட்டை இருக்கும். அதன் பெயர் அபெக்ஸ் சீல். ஒரு அறையின் வெடிப்பு பக்கத்து அறைக்குள் போகாமல் தடுப்பது அந்தப் பட்டைதான். 1960களில் மஸ்டாவை ஏறக்குறைய அழ வைத்ததும் அதுதான். கூட்டின் உட்சுவரில் அது அதிர்ந்து அதிர்ந்து உழுத தடங்களுக்கு ஹிரோஷிமா பொறியாளர்கள் பிசாசின் நகக்கீறல் என்று பெயர் வைத்தார்கள். கெனிச்சி யமமோட்டோ தலைமையில் 47 பேர் கொண்ட குழு அதைத் தீர்த்த பிறகுதான் 1967இல் காஸ்மோ ஸ்போர்ட் என்ற ரோட்டரி கார் சந்தைக்கு வந்தது. 1991இல் நான்கு ரோட்டர் கொண்ட மஸ்டாவின் பந்தயக் கார் 787பி, லு மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. 24 மணி நேரம் உச்சச் சுற்று வேகத்துக்குப் பக்கத்தில் ஓடித் தாங்கிய இன்ஜினைப் பார்த்து, அடிப்படையிலேயே பலவீனமானது என்று யாரும் சொல்ல முடியாது.

பிறகு எப்படிச் சாகிறது? என் கைக்கு வந்த எஃப்டிகளில் தேய்ந்து செத்தவை குறைவு. சூட்டில் செத்தவையும் உடைந்து செத்தவையும்தான் அதிகம்.

சூட்டைப் பற்றி முதலில். இந்த இன்ஜின் ஒரே கட்டியாக வார்த்தது இல்லை. இரும்புத் தட்டு, அலுமினியக் கூடு, மறுபடி இரும்பு, மறுபடி அலுமினியம் என்று சாண்ட்விச் போல அடுக்கி, நீண்ட போல்ட்டுகளால் இறுக்கியது. அடுக்குகளுக்கு நடுவே கூலன்ட் கசியாமல் ரப்பர் வளையங்கள். இரும்பும் அலுமினியமும் சூட்டில் ஒரே அளவில் விரிவதில்லை. ஒரே ஒருமுறை கொதித்துவிட்டால் போதும், அந்த வளையங்கள் கெட்டுவிடலாம். கொதிக்க வைப்பது பெரும்பாலும் பெரிய கோளாறாக இருக்காது. முப்பது வருடம் சூட்டில் வெந்து வெடித்த ஒரு பிளாஸ்டிக் கூலன்ட் தொட்டி அதற்குப் போதும். அந்தச் சின்னத் தொட்டியை அலுமினியத்தில் மாற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள். மாற்றாவிட்டால், கார் வாங்கிய வாரமே மாற்றுங்கள்.

அப்புறம் உடைவது. நீங்கள் எழுதியதில் என்னை யோசிக்க வைத்தது 82,000 கிலோமீட்டர் இல்லை. சைலன்ஸர் குழாயை மாற்றியிருக்கிறோம் என்ற அந்த ஒரு வரிதான். இந்தக் காரில் புகைக் குழாய் தாராளமானால், டர்போ கட்டுப்பாட்டை மீறி அதிகக் காற்றைத் தள்ள ஆரம்பிக்கும். அந்தக் கூடுதல் காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் தர வேண்டும் என்று கம்பெனிக் கம்ப்யூட்டருக்குச் சொல்லித் தரப்படவில்லை. பெட்ரோல் குறைந்த கலவை நேரம் தவறி வெடிக்கும். பிஸ்டன் இன்ஜின் அப்படிச் சில தட்டுகளைத் தாங்கும். அபெக்ஸ் சீல் ஒரே தட்டில் ஒடியலாம். ஒடிந்த துண்டு போகும் வழியில் கூட்டைக் கீறி, டர்போவின் சக்கரத்தையும் உடைத்துவிட்டு வெளியே போகும். ஆகவே விற்பவரிடம், குழாயை மாற்றியபோது கம்ப்யூட்டரை ட்யூன் செய்தீர்களா, யார் செய்தது, காகிதம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஏபெக்ஸி பவர் எஃப்சி போன்ற மாற்றுக் கம்ப்யூட்டர் ஒன்றைப் பொருத்தி, ரோட்டரி தெரிந்தவர் ட்யூன் செய்த சீட்டு இருந்தால் மாற்றிய குழாய் ஒரு நன்மை. பெரிய குழாய் மட்டும் இருக்கிறது, மற்றதெல்லாம் ஒரிஜினல் என்றால் அந்தக் கார் இத்தனை நாள் அதிர்ஷ்டத்தில் ஓடியிருக்கிறது.

இனி அந்த ஆறு எண்கள். இரண்டு ரோட்டர், ஒவ்வொன்றுக்கும் மூன்று முகம், ஆக ஆறு கம்ப்ரெஷன் அளவுகள், அதாவது ஒவ்வொரு அறையும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்ற கணக்கு. இதற்கென்று தனி ரோட்டரி டெஸ்டர் உண்டு. சாதாரண கராஜில் இருக்கும் பிஸ்டன் கேஜை மாட்டினால் மூன்று முகங்களில் எது அதிகமோ அதை மட்டும்தான் காட்டும். ஒரு முகம் செத்துக் கிடந்தாலும் மற்ற இரண்டும் சேர்ந்து மறைத்துவிடும். விற்பவர் ரோட்டருக்கு ஒன்றாக இரண்டு எண்களை மட்டும் காட்டினால் அது பரிசோதனையே இல்லை. இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு எடுக்க வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றிய வேகத்தைப் பொறுத்து எண் ஏறி இறங்கும் என்பதால், எல்லாவற்றையும் நிமிடத்துக்கு 250 சுற்று என்ற அளவுக்கு மாற்றி எழுதியிருக்க வேண்டும். ஒரே ரோட்டரின் மூன்று முகங்களுக்கு நடுவே சதுர சென்டிமீட்டருக்கு 1.5 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் எதிர்காலத்தில் ரீபில்ட் என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். ஆறும் உயரமாகவும் ஒன்றுக்கொன்று நெருக்கமாகவும் இருந்தால், மீட்டரில் எத்தனை மைல் இருந்தாலும் எனக்குக் கவலையில்லை.

பார்க்கப் போகும்போது, நான் வருவதற்கு முன் இன்ஜினைத் தொடாதீர்கள் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். போனதும் போனெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். குளிர்ந்த இன்ஜினை எழுப்பும்போது இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை வந்து நிற்காமல் தொடர்ந்தால், நான் சொன்ன ரப்பர் வளையம் போய்க்கொண்டிருக்கிறது. பிறகு அரை மணி நேரம் ஓட்டி, நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். கம்ப்ரெஷன் குறைந்த ரோட்டரி, காலையில் சட்டென்று எழும், சூட்டில் திணறும். இந்த ஒரு சோதனைக்கு எந்தக் கருவியும் வேண்டாம், பொறுமை மட்டும் போதும்.

ஓட்டும்போது பூஸ்ட் அளவை, அதாவது டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தைப் பாருங்கள். இரண்டு டர்போக்களும் ஒன்றாக வேலை செய்வதில்லை. முதலாவது கீழ் வேகத்தில் தனியாக ஊதும், 4,500 சுற்றுக்குப் பக்கத்தில் இரண்டாவது சேர்ந்துகொள்ளும். மூன்றாம் கியரில் முழுதாக மிதித்தால் முள் ஏறத்தாழ 0.7 பாருக்கு ஏறி, அந்த இடத்தில் 0.55க்கு இறங்கி, மீண்டும் 0.7க்கு வர வேண்டும். உங்கள் 1994 மாடலுக்கு இதுதான் ஆரோக்கியமான நாடித்துடிப்பு. இடையில் விழுந்த முள் திரும்பி எழவில்லை என்றால் பயப்பட வேண்டாம். போனெட்டுக்கடியில் சிக்கிய நூல்கண்டு போல ஓடும் வேக்யூம் ஹோஸ்களில் ஒன்று காய்ந்து வெடித்திருக்கும், இல்லையென்றால் ஒரு சொலினாய்டு வால்வு போயிருக்கும். உட்கார்ந்து தேட வேண்டிய வேலை, ஆனால் இன்ஜின் செலவு இல்லை. சிலிகான் ஹோஸ் போட்டு மொத்தத்தையும் ஒரே தடவையில் மாற்றிவிடுவதுதான் என் வழக்கம். முள் 0.7ஐத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் உடனே காலை எடுங்கள்; மேலே சொன்ன குழாய்ப் பிரச்சினை அதுதான்.

ஜப்பானிலிருந்து வந்த வண்டி என்பதால், அங்கே ஏலத்தில் விற்கும்போது வண்டியின் நிலையைக் குறித்து எழுதிய ஏலச் சீட்டு இருக்கும். கேட்டு வாங்குங்கள். மேலே மதிப்பெண் 4 அல்லது 4.5 என்றால் நல்ல வண்டி. ஆர் என்று இருந்தால் விபத்தில் அடிபட்டுச் சட்டகம் பழுதுபார்த்தது. கார் படத்தில் எஸ் என்று குறித்த இடங்கள் துரு. சீட்டில் உள்ள கிலோமீட்டர் கணக்கையும், பிரிட்டனுக்கு வந்த பிறகு வருடாந்திர எம்ஓடி தகுதிச் சோதனைகளில் பதிவான கணக்கையும் ஒப்பிடுங்கள். வண்டி எண் இருந்தால் போதும், எம்ஓடி வரலாற்றை அரசுத் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். கிலோமீட்டர் மீட்டரை மைலுக்கு மாற்றிய கட்டத்தில்தான் கணக்கு குழம்பும், வேண்டுமென்றே குழப்பப்படுவதும் அங்கேதான். கூடவே, எந்த வருடம் பிரிட்டனுக்கு வந்தது என்று பாருங்கள். போன வருடம் இறங்கிய காரும், 2003இலிருந்து இங்கே சாலையில் தூவும் குளிர்கால உப்பில் ஓடிய காரும் ஒன்றில்லை. பின்சக்கர வளைவுகளையும், ஜாக் வைக்கும் விளிம்புகளையும் லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். இன்ஜினை மாற்றலாம், உள்ளுக்குள் அரித்துப்போன உடலைச் சரிசெய்வது அதைவிடக் கொடுமை.

வேலைக்கு ஓட்டிப் போகலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். 2023 ஆகஸ்ட் 29இலிருந்து ஹாரோவும், புகை அதிகம் விடும் பழைய வண்டிகளுக்கு லண்டன் கட்டணம் வசூலிக்கும் யூலெஸ் எல்லைக்குள் வந்துவிட்டது. இந்தக் கார் யூரோ 4 விதிக்கு முந்தையது, ஆகவே ஓட்டும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்ட். மாதம் 22 நாள் வேலைக்குப் போனால் 275 பவுண்ட், பெட்ரோலுக்கு முன்பே. நிறுத்தி வைத்திருக்கும் நாளுக்குக் கட்டணம் இல்லை. 40 வயது ஆகி வரலாற்று வாகனமாகப் பதிந்தால் விலக்கு உண்டு. உங்கள் 1994 வண்டிக்கு அது 2035இல்தான். பெட்ரோலும் சூப்பர் அன்லெடட்தான் போட வேண்டும். ஜப்பானில் 100 ஆக்டேன் குடித்து வளர்ந்த இன்ஜின் இது. இங்கே கிடைப்பதில் 99தான் உச்சம். எத்தனால் கலந்த சாதாரண இ10 பெட்ரோலை இதில் ஊற்றாதீர்கள். இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது, இறக்குமதி வண்டிகளை ஏற்கும் கம்பெனியிடம் முன்பே ஒப்புக்கொண்ட மதிப்புக்கு எடுங்கள். வண்டியில் செய்த மாற்றங்கள் ஒவ்வொன்றையும், அந்தக் குழாயையும் சேர்த்து, எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இது போக, ரோட்டரிக்குக் குறுந்தூர ஓட்டமே ஆகாது. பக்கத்துக் கடைக்குப் போய்வரக் குளிர்ந்த இன்ஜினை எழுப்பி இரண்டு நிமிடத்தில் அணைத்தால், அடுத்த முறை பெட்ரோலில் மூழ்கி எழாமல் போகும். எழுப்பினால் முழுதாகச் சூடாகும் வரை ஓட்டுங்கள். சூடான பிறகு, ஒவ்வொரு பயணத்திலும் ஒரு தடவையாவது 7,000 சுற்றுக்கு மேல் கொண்டுபோங்கள், கரி படியாது. ஆயில் குறைவதைப் பார்த்துப் பதற வேண்டாம். அபெக்ஸ் சீலுக்கு வழவழப்புக் கொடுக்க இந்த இன்ஜின் தானே ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டு எரிக்கிறது. குறையாவிட்டால்தான் பதற வேண்டும், ஆயில் விடும் பம்ப் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். பெட்ரோல் நிரப்பும் ஒவ்வொரு தடவையும் ஆயில் அளவு பாருங்கள், 3,000 மைலுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

ஆர்எக்ஸ்-8 பற்றி. 2003 முதல் 2012 வரை வந்த நல்ல கார். நான்கு பேர் உட்காரலாம், ஸ்டீயரிங் அருமை, விலை எஃப்டியில் ஒரு சிறு பகுதிதான். டர்போ இல்லாததால் சீல் ஒடியும் பயமும் குறைவு. ஆனால் கம்ப்ரெஷன் பரிசோதனை இதற்கும் கட்டாயம். மலிவு என்று வாங்கியவர்கள் பராமரிக்காமல் விட்ட வண்டிகள்தான் சந்தையில் அதிகம். ரோட்டரி எப்படி இருக்கும் என்று வாழ்ந்து பார்க்க ஆசை என்றால் ஒரு வருடம் அதை வைத்துப் பாருங்கள், நிறையக் கற்றுக்கொள்வீர்கள். எஃப்டிக்குப் பதிலாக என்று நினைத்து வாங்கினால் மட்டும் ஏமாற்றமாகிவிடும். தெருவில் ஒரு எஃப்டி போனால் உங்கள் கண் அதன் பின்னாலேயே போகும்.

விலை இறங்கட்டும் என்று காத்திருப்பதில் பலனில்லை. அமெரிக்காவில் 25 வயது நிறைந்த கார்களைத்தான் தடையின்றி இறக்குமதி செய்யலாம். ஏறத்தாழ 1,500 மட்டும் தயாரான கடைசிப் பதிப்பான ஸ்பிரிட் ஆர் உட்பட 2002 மாடல்களுக்கு அந்தக் கதவு 2027இல் திறக்கிறது. நல்ல வண்டிகளை அங்கிருந்தும் ஆட்கள் தேடுகிறார்கள். ஒரு ஆறுதல், மஸ்டாவே இந்தக் காருக்கான பாகங்களில் சிலவற்றை மறுபடி தயாரித்துக் கொடுக்க ஆரம்பித்திருக்கிறது.

அந்த 1994 வண்டியின் உரிமையாளரிடம் ரோட்டரி கராஜ் ஒன்றில் கம்ப்ரெஷன் எடுக்கச் சம்மதமா, செலவு என்னுடையது என்று சொல்லிப் பாருங்கள். மறுத்தால் வண்டி எவ்வளவு மினுங்கினாலும் திரும்பி வந்துவிடுங்கள். சம்மதித்தால், ஆறு எண்களையும், குழாய் மாற்றியபோது செய்த ட்யூனிங் சீட்டின் படத்தையும் எனக்கு அனுப்புங்கள். என்ன விலை வரை போகலாம் என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.